அந்தத் தோலை வாப்பா சரி என்று சொல்லவில்லை

ஹக்கீம், உன்மீது அமைதி உண்டாவதாக. கடிதம் என்றால் அடுத்த வரி, இங்கே எல்லோரும் நலம், அங்கே உன் நலம் அறிய ஆவல் என்று இருக்க வேண்டும். அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். உன் தங்கை ருக்கையா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். "சொல்லுங்க உம்மா, எழுதுதேன்" என்றாள். அந்த வரி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதனால் இந்தக் கடிதத்தில் நலம் என்ற சொல் அதன் வழக்கமான இடத்தில் இல்லை. பயப்படாதே. யாரும் நம்மை விட்டுப் போய்விடவில்லை. கடைசிப் பக்கம் வரை வாசித்துவிட்டு அதற்கப்புறம் எதையும் முடிவு செய்.

நாங்கள் மேலே நம் தோல்பைப் பட்டறையில் உட்கார்ந்து எழுதுகிறோம். தையல் மெஷின்கள் இரண்டையும் துணி போட்டு மூடியிருக்கிறது. கீழே உன் வாப்பா படுத்திருக்கிறார். நம் வீடு ஒற்றை அறை. அங்கே போனில் எது பேசினாலும் அவர் காதில் விழும், பேனா எழுதுவது விழாது. இன்னொன்றும் உண்டு. இந்த இரும்பு ஏணியில் அவர் ஏறி மூன்று மாதம் ஆகிறது. ஒரு நாளைக்கு முப்பது தடவை ஏறி இறங்கிய மனிதர். இந்த இடத்தில் உனக்குப் பாதி புரிந்திருக்கும். மீதியை வரிசையாகச் சொல்கிறேன்.

உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். தாராவிக்குப் பக்கத்தில் மாஹிமில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் போட்டது நாங்கள்தான், அதில் உன் பிழை ஒன்றும் இல்லை. ருக்கையா ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து அனுப்புவாள். சிரமமாக இருந்தாலும் நீயே வாசி. உன்னோடு தங்கியிருக்கும் மதுரைப் பையனிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லாதே. போனில் சொன்னால் நான் பாதி சொல்லும்போதே நீ டிக்கெட் தேடத் தொடங்கிவிடுவாய். எழுத்துக் கூட்டி வாசிக்கிறவனால் அவசரப்பட முடியாது. அதற்காகத்தான் கடிதம். நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்குகிற பிள்ளை அல்லவா, என் பேச்சை அப்படியே தாளில் இறக்க அவளுக்கு மனம் வருவதில்லை. "உம்மா, சீக்குன்னு போடவா, உடல்நலக் குறைவுன்னு போடவா?" என்று கேட்டாள். "எதுக்குட்டி நீட்டுத, சீக்குன்னே போடு" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "காக்காவுக்குச் சின்ன வார்த்தைன்னாதான் வாசிக்க வரும்" என்று ஒத்துக்கொண்டாள். தன் அண்ணனைக் கேலி செய்ய அவளுக்கு எந்த நேரமும் நல்ல நேரம்தான்.

வாப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. நீ போன ஐந்தாவது மாதம், ஒரு காலைப்பொழுது. மேலே நின்று தோல் வெட்டிக்கொண்டிருந்தார். கத்தி கையிலிருந்து நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தார், விரல் மடங்கவில்லை. "கை மரத்துப் போச்சுல" என்று வேலைக்காரர்களிடம் சிரித்தாராம். அந்தச் சிரிப்பில்தான் அவர்கள் பார்த்திருக்கிறார்கள், வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. அந்த ஏணியில் அவரை இறக்கியதை நான் கீழே நின்று பார்த்தேன். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, பைக்கு வைக்கும் தோல்வாரால் கட்டி, இரண்டு பேர் மேலேயிருந்து பிடிக்க இரண்டு பேர் கீழேயிருந்து தாங்கினார்கள். அவர் தைத்த வார். அறுந்துவிடுமோ என்று நான் பதறியபோது அந்த நிலையிலும் என்னை ஒரு பார்வை பார்த்தார், என் தையல் அறுமா என்பதுபோல. எட்டு நாள் ஆஸ்பத்திரி. இப்போது வலது கால் இழுத்து இழுத்து நடக்கிறார். பேச்சு குழறினாலும் எங்களுக்குப் புரிகிறது. வலக்கை மட்டும் தொங்குகிறது. பயிற்சி கொடுக்கச் சொல்கிறார்கள். எவ்வளவு திரும்பும் என்று கேட்டால் டாக்டர் ருக்கையாவின் படிப்பைப் பற்றி விசாரிக்கிறார்.

இதை உன்னிடம் சொல்லவில்லை. அந்த எட்டு நாளில் நீ இரண்டு முறை கூப்பிட்டாய், நெட் சரியில்லை என்று சொன்னேன். வீட்டுக்கு வந்த பிறகு அவரைச் சுவரோடு சாய்த்து உட்கார வைத்து, அரிசி டப்பாவின் மேல் போனை நிறுத்தி, அவருடைய இடப்பக்கம் மட்டும் உனக்குத் தெரியும்படி வைத்தோம். மற்ற நாட்களில், "வாப்பா தொழப் போயிருக்காவ", "வாப்பா அசந்து தூங்குதாவ" என்று சொன்னோம். "என்ன உம்மா, எப்ப கேட்டாலும் தூக்கம்? நான் போனதும் பட்டறைல ஆராம் பண்ண ஆரம்பிச்சிட்டாவளா?" என்று நீ கேட்டாய். அவர் நாலடி தள்ளி உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பாதி வாயால் சிரித்தார்.

சொல்ல வேண்டாம் என்றது அவர்தான். "அவன்ட்ட சொல்லாத. வந்துருவான்" என்றார். வந்தால் என்ன என்று கேட்டேன். "வந்தா, வந்து? மேல வந்து மெஷின்ல உக்காருவான்" என்றார். நீ இந்த மெஷினில் உட்காரக் கூடாது என்பதற்காகவே உன்னைப் படிக்க வைத்தவர். வியட்நாமில் பெரிய பை ஃபாக்டரி, தரம் பார்க்கிற வேலை, கழுத்தில் அடையாள அட்டை என்று நீ அனுப்பிய படத்தை இந்தத் தெருவில் அவர் காட்டாத ஆள் இல்லை. ஒரு வருடம் முடிவதற்குள் திரும்பினால் அந்த வேலை இல்லை என்று கையெழுத்துப் போட்டுத்தானே போயிருக்கிறாய். அதற்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது. அவர் அந்த மாதங்களைத் தன் நல்ல கையின் விரல்களில் எண்ணுகிறார்.

நானும் அப்படியே நாலு மாதத்தையும் ஓட்டியிருப்பேன். ஆனால் நீ தோல் துண்டுகளை அனுப்பினாய். "இங்க டெஸ்டிங் மெஷின் எல்லாம் ஓகே சொல்லுது உம்மா, எனக்குத்தான் மனசுல என்னமோ இருக்கு. வாப்பாட்ட குடுத்துத் தொட்டுப் பாக்கச் சொல்லுங்க" என்றாய். உனக்குத் தெரியும் அவர் எப்படிப் பார்ப்பார் என்று. தோலின் வழவழப்பான பக்கம் வெளியே இருக்கும்படி மடித்து, அந்த மடிப்பின் மேல் வலக்கைக் கட்டைவிரலை அழுத்தி ஒரே இழுப்பாக இழுப்பார். சாயம் விரிசல் விட்டால் மொத்தத்தையும் திருப்பி அனுப்பிவிடுவார், கொண்டுவந்தவன் எவ்வளவு பழக்கமானவனாக இருந்தாலும் சரி. அந்த விரலில் நாற்பது வருடம் இருக்கிறது. உன் பொட்டலத்தைப் பிரித்து அவர் மடியில் வைத்தேன். இடக்கையால் எடுத்தார், புரட்டினார், முகர்ந்தார். இடது கட்டைவிரலை வைத்து இழுத்தார். இன்னொரு தடவை இழுத்தார். பிறகு தோலை மடியில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை, ஹக்கீம். அவர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

அன்றைக்கே நீ கூப்பிட்டாய். "நல்லாருக்குன்னு சொல்லுதாவ" என்றேன். "சரிதானா, பராபர்?" என்றாய். "பராபர்" என்றேன். உன்னை வருத்தப்படுத்தக் கூடாது என்று மட்டும்தான் நினைத்தேன், தோலைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. போன வெள்ளிக்கிழமை நீ சொன்னாய், "வாப்பாவே சரின்னுட்டாவ, பெறகு என்ன டென்ஷன்னு மொத்தச் சரக்கையும் பாஸ் பண்ணிட்டேன்." உன் பெயரில் நீ போட்ட கையெழுத்துக்குக் கீழே என் பொய் இருக்கிறது. அந்தத் தோல் நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியாது. நல்லதாகவே இருக்கலாம். தெரியாது என்பதுதான் உண்மை. வாப்பா அதைச் சரி என்று சொல்லவே இல்லை. இந்தப் பக்கம் உன் கைக்கு வந்ததும் முதலில் அதைக் கவனி, உன் மேலதிகாரியிடம் இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்று சொல். பிறகு என்மீது கோபப்பட்டுக்கொள். நீ அனுப்பிய இரண்டாவது பொட்டலமும் வந்துவிட்டது. பிரிக்காமல் இந்த மேஜையில் எங்கள் முன்னால்தான் இருக்கிறது.

இப்போது சொல்லப்போவது உனக்கும் தெரியாது, எழுதிக்கொண்டிருக்கும் உன் தங்கைக்கும் தெரியாது. உனக்கு முன்னால் மர்யம் என்று ஒரு பெண் பிறந்து இறந்தாள் என்று கேட்டிருப்பாய். அவள் என் வயிற்றில் இருக்கும்போது வாப்பா மஸ்கட்டுக்குப் போனார், கார் சீட்டுக்கு உறை தைக்கிற வேலை. நான் கல்யாணமாகி தாராவிக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. எனக்கு இந்தி தெரியாது, மராத்தி தெரியாது. பேசினால் சிரிப்பார்களோ என்று பக்கத்து வீட்டு ஷாந்தாபாயிடம்கூட வாய் திறக்காமல் கதவைச் சாத்தியே வைத்திருப்பேன். என்னால் முடிந்தது கடிதம் எழுதுவது. பத்தாம் வகுப்பு வரை படித்தவள், என் கட்டுரையை ஆசிரியை வகுப்பில் வாசித்துக் காட்டுவார். வெள்ளிக்கிழமைதோறும் நாலு பக்கம் எழுதுவேன். மர்யம் பிறந்தது, தலை நின்றது, குப்புற விழுந்தது எல்லாம் எழுதினேன். எட்டாவது மாதம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. யாரிடம் போவது, என்ன சொல்வது என்று தெரியாமல் நான் வாசலில் நின்றபோது, ஷாந்தாபாய் தன் கைக்குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு என் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். இரண்டு நாள் இருந்தாள் மர்யம். அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் செய்துவிட்டு வந்தார்கள்.

வாப்பாவின் அண்ணன், உன் பெரிய வாப்பாவும் மற்றவர்களும் கூடி உட்கார்ந்து, மஸ்கட்டுக்குச் சொல்ல வேண்டாம் என்றார்கள். லீவு கிடைக்காது, தனியாகக் கிடந்து உடைந்துபோவான், வரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்றார்கள். வெளிநாட்டில் இருப்பவனுக்குக் கெட்ட சேதி சொல்லாமல் இருப்பது நம் ஆட்களிடம் அன்பு என்றுதான் கணக்கு. நான் தலையாட்டினேன். அடுத்த வெள்ளிக்கிழமை, மர்யம் நலம் என்று ஒரு வரி மட்டும் எழுதினேன். உட்காருகிறாளா என்று பதில் வந்தது. உட்காருகிறாள் என்று எழுதினேன். பல் முளைத்ததா என்று கேட்டார். முளைத்தது என்று எழுதினேன். ஷாந்தாபாயின் மகளுக்கும் அதே வயது. அந்தக் குழந்தை செய்வதையெல்லாம் ஜன்னல் வழியே பார்த்து மர்யம் செய்ததாக எழுதினேன். பதினாலு மாதம். பெரியவர்கள் சொன்னதால் செய்தேன் என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். எழுதும்போது அவள் இருந்தாள், ஹக்கீம். எனக்கு நிறுத்த மனம் வரவில்லை.

உன் தங்கை பேனாவை வைத்துவிட்டாள். கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு எழுதுகிறாள்.

வாப்பா திரும்பி வந்தபோது பையில் ஒரு ஜோடி சிவப்பு ஷூ வாங்கி வந்திருந்தார், நடக்கிற குழந்தைக்கு. விமான நிலையத்திலிருந்து வரும் டாக்சியிலேயே பெரிய வாப்பா சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து சத்தம் போடவில்லை. மூன்றாவது நாள், என் கடிதங்களையெல்லாம் எடுத்து என் முன்னால் வைத்து, "இதுல எது வரைக்கும் நெசம்?" என்று கேட்டார். நான் தேடி ஒரு கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். அதுவரை ஒரு கட்டு, அதற்குப் பிறகு ஒரு கட்டு என்று நூலால் கட்டினார். பிறகு இரண்டாவது கட்டிலிருந்து ஒன்றை உருவி, "சுவத்தப் பிடிச்சு நடந்தாள்னு எழுதியிருக்கியே, அது யாரு?" என்றார். ஷாந்தாபாய் மகள் என்றேன். மறுநாள் காலையில் அந்த ஷூவை எடுத்துக்கொண்டு போய் அந்தக் குழந்தையின் காலில் மாட்டிவிட்டு வந்தார். அதற்குப் பிறகு நான் யாருக்கும் கடிதம் எழுதியதில்லை. ஃபாரங்களில் கையெழுத்துப் போட்டதோடு சரி. இன்றைக்கும் பேனா உன் தங்கை கையில்தான் இருக்கிறது.

உனக்குச் சொல்லாதே என்று வாப்பா சொன்னபோது இதைத்தான் கேட்டேன். "ஒங்களுக்குச் செஞ்சதையே அவனுக்கும் செய்யச் சொல்லுதியளா?" நல்ல கையால் தொங்குகிற கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "அந்தப் பதினாலு மாசம் நான் சந்தோசமா இருந்தேம்லா" என்றார். முப்பது வருடமாக நான் செய்தது பாவம் என்று நினைத்திருந்தேன். இவர் அதைத் தனக்குக் கிடைத்த நாட்களாக வைத்திருக்கிறார். எது சரி என்று எனக்கு இப்போதும் தெரியவில்லை. தோல் துண்டு வராமல் இருந்திருந்தால் அவர் சொன்னதைத்தான் கேட்டிருப்பேன். ஆனால் நீ அங்கே சந்தோஷமாக மட்டும் இல்லை, நாங்கள் சொல்வதை நம்பி வேலை செய்கிறாய். பொய்யை நம்பிச் சந்தோஷமாக இருக்கலாம் போலிருக்கிறது. பொய்யை நம்பிக் கையெழுத்துப் போடக் கூடாது.

உன்னிடமும் ஒன்று கேட்க வேண்டும். கம்பெனி கொடுத்த நல்ல ஃபிளாட் என்று சொன்னாய். ருக்கையா சொல்கிறாள், "காக்கா எப்பவும் படிக்கட்டுல உக்காந்துதான் பேசுதாவ. பின்னால வேற வேற ஆளுக செருப்ப கைல பிடிச்சிட்டு ஏறிப் போறாங்க. ஆறு தடவை பாத்துட்டேன்." அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது, உனக்குத் தெரியும். என்ன சாப்பிட்டாய் என்றால் "இங்க எல்லாம் கிடைக்குது உம்மா" என்கிறாய். எல்லாம் கிடைக்கிறவன் அதில் ஒன்றின் பெயரையாவது சொல்வான். நீயும் எங்களுக்கு இடப்பக்கத்தை மட்டும் காட்டிக்கொண்டிருக்கிறாயோ என்று பயமாக இருக்கிறது. ஓர் அறையில் எத்தனை பேர் இருக்கிறீர்கள், உண்மையைச் சொல். ஹலால் சோறு கிடைக்கும் இடம் எவ்வளவு தூரம், சொல். அந்த ஊர்ப் பாஷையில் முதலில் காய்ச்சல், தண்ணீர், டாக்டர் என்ற மூன்று சொல்லையும் கற்றுக்கொள், விலை கேட்பதெல்லாம் அப்புறம். பக்கத்து அறைக்காரன் எந்த நாட்டவனாக இருந்தாலும் அவன் கதவை ஒரு முறை தட்டிப் பெயர் கேட்டு வை. நான் ஒரு வருடம் சாத்தி வைத்திருந்த கதவுக்கு அந்தப் பக்கம் யார் இருந்தாள் என்று உனக்குச் சொல்லிவிட்டேன்.

வா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ வந்து அந்த மெஷினில் உட்கார்ந்தால், வாப்பாவின் மற்றப் பக்கமும் விழுந்துவிடும். வராதே என்று சொல்லவும் வாய் வரவில்லை. நாலு மாதத்தில் என்ன வேண்டுமானாலும் ஆகலாம். அப்போது நீ என் முன்னால் வந்து நின்று, எதுவரைக்கும் நெசம் என்று கேட்டால், இன்னொரு தடவை அந்தக் கேள்வியைத் தாங்க என்னால் முடியாது. பெற்றவள் ஒரு வழி சொல்வாள் என்று இவ்வளவு தூரம் எழுத்துக் கூட்டி வந்திருப்பாய். என்னிடம் வழி இல்லை. நடந்தது மட்டும்தான் இருக்கிறது, அதைச் சொல்லிவிட்டேன். முடிவு உன் கையில் என்று சொன்னால் அது உன்மீது பாரத்தை ஏற்றுவதுதான், அதுவும் எனக்குத் தெரியும்.

இந்தப் பக்கத்தை அனுப்பியதும் நான் கீழே இறங்கிப் போய் வாப்பாவிடம் சொல்லிவிடுவேன். கோபப்படுவார். குழறிக் குழறித் திட்டுவார், ருக்கையா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள், அதைப் பார்த்து அவருக்கு இன்னும் கோபம் வரும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து நீ கூப்பிடும்போது போனை அரிசி டப்பாவின் மேல் வைக்க மாட்டோம். அவருக்கு எதிரே பிடிப்போம். முழு முகத்தையும் பார். தொங்குகிற கையையும் பார். அழுதால் அழு, அவரும் அழட்டும். தோலைப் பற்றி அவரிடமே கேள். என் விரலுக்குத் தெரியவில்லை என்று அவர் வாயால் சொல்லட்டும். அதை உன்னிடம் சொல்லாமல் மூன்று வாரமாக ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கடைசியாக ஒரு நல்ல சேதி சொல்லி முடிக்க வேண்டும் என்று ஆசை. எழுதுகிற காலத்தில் எனக்கு அது எளிதாக வரும். நேற்று அசருக்குப் பிறகு டீ கொடுத்தேன். பக்கத்தில் வைத்த தம்ளரை நோக்கி அவருடைய வலக்கை பாயின்மேல் மெல்ல நகர்ந்து போனது. தூக்கினார் என்று ருக்கையாவை எழுதச் சொன்னேன். அவள் எழுதாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தூக்கவில்லை, ஹக்கீம். தொட்டார். சூடு தெரியுதா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் விரலை அப்படியே வைத்திருந்துவிட்டு, தெரியலை என்றார்.